பழைய கல்யாண கேசட்ட கம்மி செலவுல கம்ப்யூட்டர்ல ஏத்தறது எப்படி? ஒரம்பரைக (சொந்தக்காரங்க) கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதிலும்

போன வருசம் அட்டாலிய (பரண) ஒழிச்சு சுத்தம் பண்றப்ப ஒரு தகரப் பொட்டில விஎச்எஸ் வீடியோ கேசட்டா கெடந்துச்சுங்க, எண்ணிப் பாத்தா 31. அப்பாரோட அறுபதாங் கல்யாணம், அக்காளுக்கு செஞ்ச சீரு, சித்தப்பன் கல்யாணம், ஊரு மாரியம்மன் நோம்பி, இன்னும் என்னென்னமோ. ஒரு எட்டு மாசம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உக்காந்து முச்சூடும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். அதோட சும்மா இருந்திருக்கோணும், ஒரு கல்யாணத்து பந்தில வாய் தவறி சொல்லிப்போட்டனுங்க. அன்னைல இருந்து கோபி, பெருந்துறை, தாராபுரம், பல்லடம்னு நாலா பக்கமும் இருந்து போனு. ஒரே பதில பத்து பேருக்கு பத்து தடவ சொல்றதுக்கு ஒட்டுக்கா எழுதிப் போட்டா தேவலைன்னு தோணுச்சு. நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் இல்லீங்க, பனியன் கம்பெனில கணக்கு எழுதறவன், செஞ்சு பாத்து கை சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

இப்ப என்ன அவசரம், கேசட்டு அட்டாலில பத்திரமாத்தானே இருக்குது?

பத்திரமா இல்லீங்க. ஓட்டு வீடோ அஸ்பெஸ்டாஸோ, சித்திரை வைகாசி வெயில்ல அட்டாலி எப்படி காயும்னு உங்களுக்கே தெரியும், அதுக்கப்புறம் ஐப்பசி மழைல ஈரம். கேசட்டுக்குள்ள இருக்கறது பிளாஸ்டிக் டேப்பு மேல பசை வெச்சு ஒட்டுன காந்தத்தூளு, அந்தப் பசை வருசம் போகப் போக வீணாகுது, பூஞ்சையும் புடிக்குது. ஆனா நெசமா சொன்னா கேசட்ட விட வெசையா சாகறது டெக்குதான், அதாவது கேசட்ட போட்டு ஓட்டற விசிஆர் மிஷினு. விஎச்எஸ்ச 1976ல ஜப்பான்ல ஜேவிசி கொண்டாந்தாங்க, கடைசியா டெக்கு செஞ்சுட்டு இருந்த ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் உலகத்துல எங்கயும் புது டெக்கு கெடையாது. இருக்கறதெல்லாம் பழசு, பெல்ட்டு ரப்பர் எல்லாம் எளகிப் போனது, அத ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக்கும் ரிட்டையர் ஆயிட்டு இருக்காங்க. எங்க ஏரியால ஒருத்தருதான் மிச்சம், அவரும் இப்ப மிக்சி கிரைண்டர்தான் பாக்கறாரு.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எனக்கு ஆனத சொல்றேன். டெக்கு பழசு 2,500 ரூவா, அதுக்கு பெல்ட்டு, பிஞ்ச் ரோலர் (டேப்ப இழுக்கற ரப்பர் உருளை) மாத்த மெக்கானிக்குக்கு 700, யூஎஸ்பி கேப்சர் டாங்கிள் (டெக்குல வர்ற படத்த லேப்டாப்புக்குள்ள ஏத்தற சின்ன டப்பா) 900, ஏவி ஒயரு 120, தொடைக்கறதுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் 250. நாலாயிரத்து ஐநூறுக்குள்ள முடிஞ்சுது. லேப்டாப் வீட்ல இருந்ததுதான், பையன் காலேஜ்ல வெச்சிருந்த பழைய லேப்டாப்பு, அதுவே போதும், யூஎஸ்பி 2 இருந்தாலே ஓடும். ஹார்ட் டிஸ்க் தனி செலவு.

முக்கால்வாசிப் பேரு டாங்கிள் எது வாங்கட்டும்னுதான் மொதல்ல கேக்கறாங்க. டெக்குல இருந்து வர்ற படமே நடுங்குச்சுன்னா அஞ்சாயிரத்துக்கு டாங்கிள் வாங்குனாலும் நடுங்கற படத்ததான் புடிக்கும். காச டெக்குல போடுங்க.

டெக்குக்கு எங்கீங்க போறது?

மொதல்ல சொந்தபந்தத்துல கேளுங்க. தொண்ணூறுகள்ல ஊருக்கு நாலு வீட்லயாவது டெக்கு இருந்துச்சு, அதுக்கு முன்னால டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வாசல்ல போட்டு விடிய விடிய மூணு படம் பாத்த கதைதான. யாரு வீட்டு பொடக்காலி ரூம்லயாவது துணி மூடி கெடக்கும். அடுத்தது பழைய வீடியோக்காரங்க, ஸ்டுடியோக்காரங்க. அவங்க வெச்சிருந்தது நல்ல மாடலா இருக்கும், ஆனா ஓடோ ஓடுன்னு ஓடி ஹெட்டு (டேப்புல இருக்கற படத்த படிக்கற முனை) தேஞ்சும் இருக்கும். கோயமுத்தூருல உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகள்ல அலசலாம், ஆன்லைன்ல பழசு விக்கற ஆப்புலயும் வருது, ஆனா கண்ணுல பாக்காம, ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க.

பாக்கப் போறப்ப கையில ஒண்ணுக்கும் ஆகாத ஒரு பழைய சினிமா கேசட்டு கொண்டு போங்க, கல்யாண கேசட்ட கொண்டுட்டு போய் அங்க சிக்க வெச்சுட்டு வராதீங்க. போட்டு ஒரு பத்து நிமிசம் ஓட்டுங்க, ஃபார்வர்டு, ரீவைண்டு, நடுவுல நிறுத்தி திருப்பி பிளே, கடைசியா எஜெக்ட். எஜெக்ட் பண்ணி வெளிய வந்த கேசட்டோட மூடிய தூக்கிப் பாத்தா டேப்போட ஓரம் நேரா இருக்கோணும், சுருங்கியோ மடிஞ்சோ இருந்தா வேண்டாம்னு வந்துடுங்க. பின்னாடி மஞ்சக் கலர் வீடியோ ஓட்டை இருக்கோணும். ஆண்டெனா ஒயர் போடற ஓட்டை மட்டும் இருக்கற டெக்கு ஆகாது, படம் மங்கலாத்தான் வரும்.

நான் மொதல்ல எங்க மாமன் வீட்ல இருந்து சும்மா கெடைச்சுதுன்னு ஒண்ணு தூக்கிட்டு வந்தேன். கேசட்டே உள்ள போகல. மூடியக் கழட்டிப் பாத்தா ஹெட்டு டிரம்முக்கு பக்கத்துலயே குளவி கூடு கட்டி காஞ்சு கெடக்குது, களிமண்ணு உருண்ட உருண்டையா. மாமன் கேட்டப்ப "நல்லா இருக்குதுங் மாமா"ன்னு சொல்லிட்டேன், வேற என்ன சொல்றது.

டெக்கு வந்துருச்சு, கேசட்ட போட்டுடலாமா?

சித்தெ பொறுங்க. மொதல்ல வெளிச்சத்துல வெச்சு அந்த கண்ணாடி ஜன்னல் வழியா டேப்பு சுருள பாருங்க. கருப்பா வழவழன்னு இருந்தா நல்லது. வெள்ளையா மாவு தூவுனாப்புல, இல்ல ஒட்டட மாதிரி படிஞ்சிருந்தா அது பூஞ்சை. அத போட்டு ஓட்டுனீங்கன்னா அந்த வெள்ளத்தூளு முச்சூடும் டெக்கு ஹெட்டுல அப்பும், அதுக்கப்புறம் போடற நல்ல கேசட்டுக்கும் தொத்திக்கும். ஒரு கேசட்டால பத்து கேசட்டு கெடும்.

ரெண்டாவது, கேசட்டோட முதுகுப் பக்கம் இடது ஓரத்துல சின்னதா ஒரு பிளாஸ்டிக் பல்லு இருக்கும். அது இருந்தா அந்த கேசட்டுல மேல ரெக்கார்டு ஆகும்னு அர்த்தம். ஸ்க்ரூ டிரைவர் நுனில உடைச்சு விட்ருங்க, இல்லாட்டி கை தவறி ரெக்கார்டு பட்டன் பட்டா தாலி கட்டறது மேலயே வெத்துத் திரை பதிஞ்சுரும்.

மூணாவது, பூஞ்சை இல்லாத கேசட்ட மட்டும் ஒரு தடவ கடைசி வரைக்கும் ஃபார்வர்டு விட்டு மறுபடி ரீவைண்டு பண்ணுங்க. இருவது வருசம் ஒரே பக்கம் சுத்திக் கெடந்த சுருளு எளகி, திரும்ப சீரா சுத்திக்கும்.

பூஞ்சை புடிச்ச கேசட்டு அவ்வளவுதானா?

இல்லீங்க, பொறுமை இருந்தா காப்பாத்தலாம். எங்க பொட்டில 31ல நாலு அப்படித்தான், அதுல ஒண்ணு சித்தப்பன் கல்யாணம், விட முடியாது. வெளித் தாவாரத்துல உக்காந்து, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு (அந்தத் தூளு நெஞ்சுக்கு ஆகாது), கேசட்ட கவுத்துப் போட்டு அஞ்சு ஸ்க்ரூவ கழட்டுனேன். மேல் மூடிய தூக்கறதுக்கு முன்னால திருப்பி நேரா வெச்சுக்கோணும், இல்லாட்டி ரோலரு, ஸ்பிரிங்கு எல்லாம் மடில கொட்டும். தொறந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, டேப்பு எந்த ரோலருக்கு எந்தப் பக்கமா போகுதுன்னு மறந்துட்டா அப்புறம் திண்டாட்டம். ரெண்டு சுருளையும் எடுத்து பக்கவாட்டுல இருந்த வெள்ளைய ஆல்கஹால் நனைச்ச மெத்து துணில தொடைச்சேன், தேய்க்கல, ஒத்தி ஒத்தி எடுத்தேன். அப்புறம் ஒரு கையில அதே துணிய மடிச்சு டேப்ப அதுக்கு நடுவுல லேசா புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சுருள சுத்தி சுத்தி ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கத்துக்கு ஓட்டுனேன். 180 நிமிச கேசட்டுக்குள்ள சுமார் 258 மீட்டர் டேப்பு இருக்குது, கால் கிலோமீட்டருங்க! ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு. துணி மொதல்ல சாம்பக் கலரா வந்துச்சு, நாலாவது துணிதான் வெள்ளையா நின்னுச்சு. நல்லா காய விட்டு வேற ஒரு சுத்தமான கேசட்டு கூட்டுக்குள்ள மாத்திப் போட்டேன்.

டேப்பு அறுந்திருந்தா சாதா செல்லோ டேப்பு ஒட்டாதீங்க, அதோட பசை வழிஞ்சு ஹெட்டுல ஒட்டிக்கும். அதுக்குன்னு இருக்கற ஸ்பிளைசிங் டேப்ப ஹெட்டுல படாத உள்பக்கமா ஒட்டோணும்.

படம் முழுக்க பொறி பொறியா பனி பேஞ்சாப்புல வருது, கேசட்டு போச்சா?

கேசட்டு மேல பழி போடறதுக்கு முன்னால ஹெட்ட சுத்தம் பண்ணுங்க. பிளக்க புடுங்கிட்டு மூடிய கழட்டுனா நடுவுல பளபளன்னு சாஞ்சாப்புல ஒரு டிரம்மு இருக்கும், விரல் மூணு நாலு அகலம். நம்மூரு பால் (PAL) டிவி சிஸ்டத்துல அது நிமிசத்துக்கு 1,500 சுத்து சுத்துது, அதோட விளிம்புல முடி நுனி மாதிரி இருக்கறதுதான் ஹெட்டு. காது கொடையற பஞ்சு குச்சிய அங்க கொண்டு போகவே கூடாது, பஞ்சு நூலு மாட்டி ஹெட்டு பேந்துரும். வழவழன்னு இருக்கற வெள்ளப் பேப்பர விரல் அகலத்துக்கு கிழிச்சு ஆல்கஹால்ல நனைச்சு டிரம்மு மேல லேசா ஒட்டி வெச்சுக்கிட்டு, இன்னொரு கை விரலால டிரம்ம மேல இருந்து மெதுவா சுத்துங்க. பேப்பர மேல கீழ இழுக்கப்புடாது, அப்படியே வெச்சிருக்கோணும், டிரம்முதான் சுத்தோணும். பேப்பர்ல கருப்பா கோடு விழும். கோடு விழறது நிக்கற வரைக்கும் புதுப் பேப்பர் மாத்துங்க. பஞ்சு குச்சி ஆடியோ ஹெட்டுக்கும் கம்பிகளுக்கும் மட்டும். ஒரு கால் மணி நேரம் காய விட்டு ஓட்டுங்க. கரண்டு வர்ற போர்டு பக்கம் மட்டும் கைய வெக்காதீங்க, பிளக் புடுங்குன பொறகும் ஷாக் அடிக்கும்.

அதுக்கு மேலயும் கோடு வந்தா டெக்குல இருக்கற டிராக்கிங் பட்டன், டேப்புல பதிஞ்ச தடத்துக்கு ஹெட்ட ஒத்துப்போக வெக்கறது அது. கேசட்டுக்கு கேசட்டு மாறும், ஒவ்வொண்ணுக்கும் திருப்பிப் பாத்து செட் பண்ணிட்டு அப்புறமா ரெக்கார்டு ஆரம்பிக்கோணும்.

டாங்கிள் எதுங்க வாங்கறது? ஆன்லைன்ல 300ல இருந்து 8,000 வரைக்கும் காட்டுது.

அந்த மலிவு டாங்கிள்ல ஒரு வில்லங்கம், வெளிய பாக்கறதுக்கு எல்லாம் ஒரே மாதிரி கருப்பு டப்பா, உள்ள சிப்பு வேற வேற. கூட வர்ற சிடில இருக்கற டிரைவர் விண்டோஸ் 10, 11ல முக்காவாசி ஓடாது. அதனால டிரைவரே வேண்டாம், சொருகுனா வெப்கேம் மாதிரி தானா தெரியும்ங்கற யூவிசி டைப்பு வாங்குங்க. ஏற்கனவே பழைய ஈசிகேப் (அந்த மலிவு டாங்கிள்தான்) ஒண்ணு வீட்ல கெடந்து விண்டோஸ்ல வேல செய்யலைன்னா கடாசாதீங்க, ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா ஓடற ஃப்ரீ சிஸ்டம்) போட்டு அதுல பூட் பண்ணி சொருகிப் பாருங்க, அந்தப் பழைய சிப்புக பலதுக்கும் லினக்ஸ்லயே டிரைவர் இருக்குது. என்னோட டாங்கிளுக்கு அப்படித்தான் உசுரு வந்துச்சு.

காசு கொஞ்சம் எச்சா போடலாம்னா எல்கேட்டோ, ஹாப்பேஜ், ஐஓ டேட்டா கம்பெனிக்காரங்க போட்ட வீடியோ கேப்சர் நல்லாருக்கும், பழசு கெடைச்சாலும் சரி. வேண்டாம்னு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ஏவிய எச்டிஎம்ஐயா மாத்தற சின்ன வெள்ளை டப்பா. "1080 ஃபுல் எச்டி"ன்னு எழுதியிருக்கும். நம்ம கேசட்டுல வர்றது நொடிக்கு 25 ஃபிரேம், அந்த டப்பா அத 60 ஆக்கறேன்னு இழுத்து வெச்சு கலக்கிடும், ஆளு நடந்தா தவ்வித் தவ்வி நடக்கற மாதிரி இருக்கும். ஒருக்கா அப்படி ஏத்திட்டா அப்புறம் சரி பண்ணவே முடியாது.

கருப்பு வெள்ளையா வருதுங்க, கலர் படம்தான் எடுத்தோம்.

செட்டிங்ல என்டிஎஸ்சின்னு (அமெரிக்கா டிவி முறை) இருக்கும், பால்னு மாத்துங்க. அவ்வளவுதான்.

அமெரிக்கால இருந்து ஒரம்பரை அனுப்புன கேசட்டா இருந்தா நேர் எதிரு, அது என்டிஎஸ்சி, நம்ம டெக்கு எல்லாத்துலயும் ஓடாது. மல்டி சிஸ்டம் டெக்கு வேணும். சிங்கப்பூரு, மலேசியா, துபாய்ல இருந்து வந்ததுன்னா நம்மள மாதிரியே பால், பிரச்சனை இல்ல.

சாஃப்ட்வேர் என்ன, செட்டிங் எப்படி?

காசு குடுத்து எதையும் வாங்காதீங்க. ஓபிஎஸ் ஸ்டுடியோன்னு ரெக்கார்டு பண்ற சாஃப்ட்வேர் ஃப்ரீ. அதுல வீடியோ கேப்சர் டிவைஸ்னு சேத்து ரெசல்யூஷன 720க்கு 576, 25 எஃப்பிஎஸ் வைங்க. பால் சிஸ்டத்துல 625 கோடு, அதுல கண்ணுக்கு தெரியறது 576தான், அதுக்கு மேல வெச்சாலும் ஒண்ணும் எச்சா வராது. கேன்வாஸ் அளவு 768க்கு 576ன்னு வைங்க, அப்பத்தான் மூஞ்சி ஒல்லியாவும் ஆகாது குண்டாவும் ஆகாது. 16க்கு 9ஆ இழுத்து ஸ்கிரீன் முச்சூடும் ரொப்பாதீங்க, எங்க சித்தப்பன் கல்யாணத்துல மாப்பிள்ளையே மத்தளம் மாதிரி தெரிஞ்சாரு.

அடுத்தது முக்கியம். கேசட்டு படம் ஒரு ஃபிரேம ஒத்தப்பட கோடு ஒரு தடவ, ரெட்டப்பட கோடு ஒரு தடவன்னு நொடிக்கு 50 பாதியா காட்டுது. கம்ப்யூட்டர்ல அப்படியே பாத்தா கை வீசறப்ப சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும். ஓபிஎஸ்ல அந்த சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி டீஇன்டர்லேசிங் (அந்தக் கோட்ட எடுக்கறது), யாடிஃப் 2எக்ஸ், டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட், அப்புறம் ஓபிஎஸ்ஸோட பொது வீடியோ செட்டிங்ல எஃப்பிஎஸ் 50. படம் முன்ன பின்ன ஒதறுச்சுன்னா பாட்டம் ஃபீல்டுக்கு மாத்துங்க. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா பதியுதுங்கற அளவு) 8,000 கேபிபிஎஸ் வெச்சா மணி நேரத்துக்கு மூணரை ஜிபி சொச்சம் ஆகும், பரவால்ல.

இன்னும் சுத்தமா வேணும்னா வெர்ச்சுவல்டப்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஹஃப்ஒய்யூவி மாதிரி எதையும் கொறைக்காத முறைல புடிச்சுட்டு அப்புறம் ஹேண்ட்பிரேக்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல எம்பி4 ஆக்கலாம். மணிக்கு 30 ஜிபி கிட்ட தின்னும். நான் நாலே நாலு கேசட்டுக்குத்தான் அப்படி பண்ணேன். மத்ததெல்லாம் ஓபிஎஸ்ஸே.

வெசையா ஏத்தற வழி இல்லையா?

இல்லீங்க. மூணு மணி நேர கேசட்டு மூணு மணி நேரம் ஓடித்தான் ஆகோணும்.

ஆனா அந்த மூணு மணி நேரத்த வீணாக்காதீங்க. நான் மொத ரெண்டு மாசம் ஓட விட்டுட்டு தோட்டத்துக்குப் போயிருவேன், அது என்ற தப்பு. ஒரு நாளு அம்மாயி சும்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. சித்தப்பன் கல்யாணத்துல இணைச்சீரு நடக்குது, பின்னால ஆளுக நிக்கறாங்க, எனக்கு நாலு பேருக்கு மேல தெரியல. அம்மாயி ஸ்கிரீன்கிட்ட விரல கொண்டு போயி, "இவ காங்கேயத்துல குடுத்தவ, இது அருமைக்காரரோட மருமவ, அக்கட்டால சேலைத் தலப்ப இழுத்துக்கறாளே அவதான் உங்கப்பனுக்கு மொதல்ல பாத்த பொண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே போகுது. அப்பனுக்கு வேற பொண்ணு பாத்த கதையே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுல இருந்து கேசட்டு ஓடறப்ப பெரியவங்க யாரையாவது உக்கார வெச்சு செல்போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் போட்டு வெச்சுருவேன், அந்த ஆடியோ ஃபைலையும் வீடியோ பக்கத்துலயே அதே பேருல போட்டிருக்கேன்.

நடுவுல கரண்டு போச்சுன்னா?

போகும், நம்மூருல போகாம இருக்குமா. மாசாந்திர பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு ஆரம்பிங்க. லேப்டாப்பு பேட்டரில நிக்கும், டெக்கு நின்னுரும், டேப்பு டிரம்ம சுத்தி இழுத்தபடியே நிக்கும். கரண்டு வந்ததும் தானா உள்ள இழுத்துக்கும், பதறிப்போயி கைய விட்டு கேசட்ட புடுங்காதீங்க. கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒண்ணு இருந்தா டெக்க அதுல சொருகுங்க, டெக்கு கம்மியாத்தான் கரண்டு குடிக்கும்.

ஓபிஎஸ்ல ரெக்கார்டிங் ஃபார்மேட் எம்கேவின்னு வைங்க. எம்பி4ல வெச்சு நடுவுல சிஸ்டம் ஆஃப் ஆச்சுன்னா அந்த ஃபைலே தொறக்காது, ரெண்டரை மணி நேரம் எனக்கு அப்படி போச்சு. எம்கேவில அது வரைக்கும் பதிஞ்சது தங்கும். அப்புறமா ஓபிஎஸ்லயே ரீமக்ஸ்னு குடுத்தா ஒரு நிமிசத்துல எம்பி4 ஆயிரும், குவாலிட்டி கொறையாது.

அடில கோடு கோடா இழுக்குது, சத்தம் ஒரு காதுல மட்டும் வருது, உய்ங்குனு எரைச்சல் வேற.

மூணும் வேற வேற. படத்தோட அடியில ஒரு பத்து கோடு அலையடிக்கறது எல்லா கேசட்டுலயும் இருக்கும். ஒரு ஹெட்டுல இருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறற எடம் அது, பழைய டிவில ஓரம் மறைஞ்சு தெரியாது, கம்ப்யூட்டர்ல தெரியுது, ரிப்பேர் இல்ல. வேணும்னா கடைசில வெட்டிக்கலாம்.

ஒரு காதுல சத்தம்னா டெக்கு மோனோ, ஒரே ஆடியோ ஓட்டை. ஓபிஎஸ்ல அட்வான்ஸ்டு ஆடியோல மோனோன்னு ஒரு டிக் இருக்கும், போட்டா ரெண்டு பக்கமும் வரும். எரைச்சலுக்கு லேப்டாப் சார்ஜர புடுங்கிப் பாருங்க, பாதி நேரம் அதுதான் காரணம்.

சத்தத்த பத்தி இன்னொரு வயித்தெரிச்சல். அந்தக் கால வீடியோக்காரங்க மிக்ஸிங்னு சொல்லிட்டு கல்யாணம் முச்சூடும் சினிமா பாட்டப் போட்டு நெரப்பிட்டாங்க. மங்கல வாழ்த்து பாடற எடத்துலயும் வாயி மட்டும் அசையுது, சத்தம் டூயட்டு. அத பிரிச்செடுக்க முடியாது. எடுத்த ஸ்டுடியோல மிக்ஸ் பண்ணாத மூல கேசட்டு தப்பித்தவறி இருக்குதான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுலயே அடுத்த கல்யாணத்த எடுத்திருப்பாங்க.

எங்கிட்ட இருக்கறது உள்ளங்கை அளவு சின்ன கேசட்டு, அது?

அதுல நாலு சாதி இருக்குதுங்க. விஎச்எஸ்-சின்னு எழுதியிருந்தா பெரிய கேசட்டு வடிவுல ஒரு அடாப்டர் வரும், அதுக்குள்ள வெச்சு சாதா டெக்குலயே போடலாம். வீடியோ8, ஹை8னு இருந்தா அடாப்டரே கெடையாது, எடுத்த ஹேண்டிகேம்லதான் ஓட்டோணும். அதோட ஏவி ஒயருல ஒரு கூத்து, கம்பெனிக்கு கம்பெனி உள் வரிசை மாறும், மஞ்சள்ல படம் வரலைன்னா செவப்ப சொருகிப் பாருங்க. டிஜிட்டல்8 கேமராவுல சில மாடல் பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி டிஜிட்டலா வெளிய தரும், கெடைச்சா விடாதீங்க.

மினிடிவின்னா அது ஏற்கனவே டிஜிட்டல். அத போயி மஞ்ச ஒயருல ஏத்தாதீங்க, நல்ல எளநிய சொம்புல ஊத்தி தண்ணி கலக்கற மாதிரி. ஃபயர்வயர் ஓட்டை (கேமராவ நேரா கம்ப்யூட்டரோட சேக்கறது) இருக்கற பழைய லேப்டாப்போ, டெஸ்க்டாப்புல சொருகற கார்டோ தேடிப் புடிச்சா கேசட்டுல இருக்கறது அப்படியே காப்பி ஆகும், மணிக்கு 13 ஜிபி.

இத்தன பாடு எதுக்கு, கடைல குடுத்துடலாமே?

ரெண்டு மூணு கேசட்டுதான்னா கடைல குடுக்கறதே லாபம். முப்பது கேசட்டுன்னா நீங்களே பண்ணுங்க. டவுன்ல ஒரு கடைல எங்க மச்சான் ஒருத்தரு அஞ்சு கேசட்டு குடுத்தாரு. அஞ்சையும் ஒரே டிவிடில அமுக்கிக் குடுத்துட்டாங்க, பாத்தா மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்குது, அதுல ஒண்ணு நம்ம கல்யாணமே இல்ல, யாரோ பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணம், பந்தில எளநீ பாயாசம் நல்லா போட்டிருந்தாங்க, அத விடுங்க. மச்சானோட கேசட்டு இன்னும் திரும்பி வரல.

குடுக்கறதுன்னா கேசட்டு ஒவ்வொண்ணுலயும் பேரும் நம்பரும் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்துட்டு குடுங்க. டிவிடி வேண்டாம், ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல குடுங்கன்னு சொல்லுங்க. மணிக்கு எத்தன ஜிபி வரும்னு கேளுங்க, ஒரு ஜிபிக்கும் கொறைவா சொன்னாங்கன்னா கேசட்ட வாங்கிட்டு வந்துருங்க.

ஏஐல போட்டா 4கே ஆயிருமாமே?

போட்டுப் பாத்தேன். அப்பாரோட மூஞ்சில இருந்த அம்மத் தழும்பு காணோம். மெழுகு பொம்ம மாதிரி வேற ஒரு ஆளு சிரிக்கறாரு. வெளையாட்டுக்கு வேணும்னா பண்ணுங்க, மூல ஃபைல மட்டும் அழிச்சுறாதீங்க.

யூட்யூப்ல போட்டு எல்லாருக்கும் லிங்க் அனுப்பிறலாமா?

அனுப்பலாம், ஆனா மேல சொன்ன சினிமா பாட்டு அங்க வந்து மாட்டும். ப்ரைவேட்டா வெச்சாலும் பாட்ட மோந்து கண்டுபுடிச்சு காப்பிரைட்டுன்னு சொல்லும், சிலத தடுத்தே வெச்சுரும். போடறதுன்னா 1440க்கு 1080ஆ பெருசு பண்ணிப் போடுங்க, 576 அப்படியே போட்டா 50 ஃபிரேம் காட்டாது, படத்தையும் கன்னாபின்னான்னு அமுக்கிரும். வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் போகும், வீடியோவா அனுப்புனா பட்ட பாடெல்லாம் வீண்.

இன்னொன்னு, அந்தக் கல்யாணத்துல இருந்து அப்புறமா பிரிஞ்சு போனவங்க இருப்பாங்க, எறந்தவங்க இருப்பாங்க. ஃபேமிலி குரூப்ல தட்டி விடறதுக்கு முன்னால ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க. நான் கேக்காம ஒண்ணு போட்டு ஒரு வீட்ல ஆறு மாசம் பேச்சு வார்த்தையே இல்லாம போச்சு.

எதுல போட்டு வெக்கறது?

ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு உங்க வீட்ல, ஒண்ணு தங்கச்சி வீட்லயோ பங்காளி வீட்லயோ. பென் டிரைவ நம்பாதீங்க, டிவிடிய சுத்தமா நம்பாதீங்க. வருசத்துக்கு ஒருக்கா, ஆயுத பூஜைக்கு தொடைக்கறப்பவாவது, சொருகி நாலு ஃபைலு தொறக்குதான்னு பாருங்க. ஃபைல் பேரு வருசம், யாரு, என்ன விசேசம், எந்த ஊருன்னு இருக்கட்டும். "நியூ 1 ஃபைனல்"னு வெச்சீங்கன்னா அடுத்த தலமொறைக்கு அதுவும் அட்டாலிதான்.

ஏத்திட்டாப்புறம் கேசட்ட கடாசிறலாமா?

வேண்டாமுங்க. நாளைக்கு இதவிட நல்ல டெக்கோ டாங்கிளோ கைக்கு வந்தா மறுக்கா ஏத்திக்கலாம், நானே மூணு கேசட்ட அப்படி ரெண்டாந்தடவ ஏத்துனேன். முழுசா ரீவைண்டு பண்ணி, புஸ்தகம் நிக்கற மாதிரி செங்குத்தா நிக்க வெச்சு, வெயில் படாத பீரோவுல வைங்க. ஸ்பீக்கர் பக்கத்துல வேண்டாம், அதுல காந்தம் இருக்குது.

உங்க டெக்க ஒரு வாரத்துக்கு இரவல் தருவீங்களா?

தர மாட்டனுங்க. கேசட்ட எடுத்துட்டு ஞாயித்துக்கெழம காலைல வாங்க, கூட உங்க வீட்டுப் பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க, மத்தியானம் இங்கயே சாப்டுக்கலாம். பூஞ்சை இருந்தா மட்டும் முன்னமே சொல்லிப்போடுங்க, தாவாரத்துல சாக்கு விரிச்சு வெக்கறேன்.